அரசர்கள் கைகுலுக்கும்போது ஏரிக்கரை எங்கே நிற்கிறது?



2025ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் நடந்த ஒரு வழிபாட்டைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நம்மில் பலர் கண்டிருப்போம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் சார்லஸ் தம் துணைவியாரோடு அரசுமுறைப் பயணமாக அங்கே வந்திருந்தார். திருத்தந்தை 14ஆம் லியோவும் அரசரும் ஒரே இடத்தில் இணைந்து இறைவேண்டல் செய்தனர். எட்டாம் ஹென்றி 1534இல் உரோமையோடு உறவை முறித்துத் தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக ஆக்கிக்கொண்ட பிறகு, ஆங்கிலேய அரசர் ஒருவரும் திருத்தந்தையும் வெளிப்படையாகச் சேர்ந்து மன்றாடியது இதுவே முதன்முறை. ஏறத்தாழ 500 ஆண்டுகள் பிடித்தன!

நல்ல செய்திதான். ஆனால் எளாவூரிலும் ஆரம்பாக்கத்திலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் வாழும் நமக்கு அதில் என்ன? அரசர்கள் வருவார்கள், விருந்து உண்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், போவார்கள். நம் வலையில் விழும் இறால் அதனால் கூடுமா, குறையுமா? இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஏனெனில் அரசர்களின் சந்திப்புகளாலும் உடன்படிக்கைகளாலும் பலமுறை கைமாறிய நிலம் நம் பழவேற்காட்டு ஏரிக்கரை.

முதலில் அரசுமுறைப் பயணம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு நாட்டின் தலைவர், அதாவது அரசரோ குடியரசுத் தலைவரோ, மற்றொரு நாட்டுத் தலைவரின் முறையான அழைப்பை ஏற்றுச் செல்வதே அரசுமுறைப் பயணம். வேலையாக வந்துபோவது வேறு, இது வேறு. நம் நாட்டில் குடியரசுத் தலைவர் மாளிகையின் முற்றத்தில் அணிவகுப்பு மரியாதை, 21 பீரங்கிக் குண்டு முழக்கம், ராஜ்காட்டில் மலர்வளையம், ஐதராபாத் இல்லத்தில் பேச்சுவார்த்தை, இரவில் விருந்து என்று இது நடக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் மரபு உண்டு. திருவழிபாட்டில் நாம் எங்கே நிற்கிறோம், எப்போது தலைவணங்குகிறோம் என்பதற்குப் பொருள் இருப்பதுபோலவே இதற்கும் உண்டு. உங்களை எமக்கு நிகரானவராக மதிக்கிறோம் என்று வாயால் சொல்வதை உடலால் சொல்வது அது.

திருத்தந்தையும் ஒரு நாட்டின் தலைவரே என்பதை நாம் சிலவேளை மறந்துவிடுகிறோம். இந்தியாவும் திருப்பீடமும் 1948 ஜூன் மாதத்தில், அதாவது விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத நிலையில், தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் திருப்பீடத்தோடு அத்தகைய உறவு கொண்டுள்ளன. திருப்பீடத்தின் தூதரை நாம் திருத்தூதரகப் பேராயர் என்கிறோம். புனித இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து சாந்தோமில் புனித தோமாவின் கல்லறையருகே செபித்ததை நம் பெரியவர்கள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள்.

இனி நம் ஏரிக்கு வருவோம்.

பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்தது என்பது நம் மரபு. நம் உயர்மறைமாவட்டத்தின் மிகப் பழைய ஆலயங்களுள் அது ஒன்று. ஆனால் அன்று மறைப்பணியாளர் கப்பலேறி வந்ததற்குப் பின்னாலும் அரசர்களின் ஏற்பாடு ஒன்று இருந்தது. போர்த்துக்கல் அரசர் கிழக்கு நாடுகளில் ஆலயம் கட்டுவார், குருக்களை அனுப்புவார், செலவை ஏற்பார். பதிலுக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமை அவருக்கு. இதைப் பதுரவாதோ என்பார்கள். 1606இல் தோன்றிய மயிலை மறைமாவட்டம் அந்த ஏற்பாட்டின் கீழ்தான் நெடுங்காலம் இருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் அது முழுமையாக நீங்கவில்லை. 1950இல் திருப்பீடமும் போர்த்துக்கலும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின்தான் அது முடிந்தது. 1952இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் உருவாயிற்று. நம் தாத்தா பாட்டிகளின் ஆயர் யார் என்பதில் லிஸ்பன் நகரத்து அரசுக்குப் பங்கு இருந்தது என்றால் இன்றைய இளையோர் நம்பமாட்டார்கள்!

டச்சுக்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு. விஜயநகர மரபின் அரசர் இரண்டாம் வேங்கடபதி சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட காலம் அது. அவரது அவையில் சேசு சபைக் குருக்களும் இருந்தனர். போர்த்துக்கலையும் சேர்த்து ஆண்ட ஸ்பெயின் அரசரோடு அவருக்குக் கடிதத் தொடர்பும் இருந்தது. ஆயினும் 1610இல் அவர் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து பழவேற்காட்டில் வணிகம் செய்ய இடம் கொடுத்தார். ஒரு வெளிநாட்டை இன்னொரு வெளிநாட்டால் சமன் செய்துவிடலாம் என்ற கணக்கு. 1612இல் மயிலையிலிருந்து போர்த்துக்கீசியர் வந்து டச்சுக்காரரின் பண்டகசாலையை அழித்தனர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பிக்கொண்டனர். கோட்டைக்குப்பம் என்று இன்று நாம் சொல்லும் பெயரில் அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறது. மற்றபடி அங்கே இருப்பது முட்புதரும் மேடும் அகழியும்தான்.

அந்தக் கோட்டையிலிருந்து துணிகள் போயின. அவற்றைக் கொடுத்துக் கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அதைப் பாடநூல்கள் சொல்லும். ஆனால் மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், பசி தாங்காமல் தன்னையே விற்றவர், பிள்ளையை விற்றவர், போரில் பிடிபட்டவர், கடத்தப்பட்டவர் என்று பல்லாயிரம் பேரைச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் பிற தீவுகளுக்கும் அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். அந்த வணிகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று நம் பழவேற்காடு. போர்த்துக்கீசியரும் இந்தப் பாவத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். நமக்கு ஆலயம் கட்டித் தந்தவர்கள் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது அழகில்லை. டச்சுக்காரரின் கல்லறைகள் இன்றும் பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. எலும்புக்கூடு செதுக்கிய வாயில் தூண்களைச் சுற்றுலா வருவோர் நின்று பார்க்கிறார்கள். வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் கல்லில் பெயர் உண்டு. கப்பலேறியவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

பின்னர் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பகைத்தபோதெல்லாம் பழவேற்காடு கைமாறியது. சமாதானமானால் திரும்பக் கொடுக்கப்பட்டது. கடைசியாக 1824 மார்ச் 17 அன்று இலண்டனில் ஓர் உடன்படிக்கை. இந்தியாவில் தங்களுக்கு இருந்த இடங்களை எல்லாம் டச்சுக்காரர் ஆங்கிலேயருக்குக் கொடுத்தனர். சுமத்திரா தீவில் இருந்த பென்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரருக்குக் கொடுத்தனர். மலாக்காவும் சிங்கப்பூரும் அதே தாளில் தீர்க்கப்பட்டன. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எந்தக் குப்பத்திலும் எவரையும் எவரும் கேட்கவில்லை. இரவில் டச்சு ஆளுகையில் வலைபோடப் போனவர் காலையில் ஆங்கிலேய ஆளுகையில் மீனோடு திரும்பியிருப்பார்.

விவிலியத்தில் இதற்கு நிகரான ஒரு நிகழ்ச்சி உண்டு. நாம் சேபா அரசி சாலமோனைக் காண வந்ததைத்தான் அடிக்கடி வாசிக்கிறோம் (1 அர 10:1-13). ஒட்டகங்கள், பொன், நறுமணப் பொருள்கள் என்று அது கண்ணைக் கவரும் அரசுமுறைப் பயணம். ஆனால் அதற்குச் சற்று முன்னால், பலர் கவனிக்காமல் கடந்துபோகும் சில வரிகள் உள்ளன. தீர் நாட்டு மன்னர் ஈராமும் சாலமோனும் நண்பர்கள். ஈராம் கேதுரு மரமும் பொன்னும் அனுப்பினார். சாலமோன் கோதுமையும் எண்ணெயும் கொடுத்தார். அந்த நட்புக்காக 30,000 இஸ்ரயேலர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டு, மாதத்துக்கு 10,000 பேராக லெபனோனுக்கு அனுப்பப்பட்டனர் (1 அர 5:13-14). கோவிலும் அரண்மனையும் கட்டி முடிந்தபின், கலிலேயாவில் 20 ஊர்களைச் சாலமோன் ஈராமுக்குக் கொடுத்துவிட்டார். ஈராம் போய்ப் பார்த்தார், பிடிக்கவில்லை. இவை என்ன ஊர்கள் என்ற பொருளில் முகம் சுளித்தார். காபூல் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது (1 அர 9:10-14).

கொடுத்தவருக்கு அவை கடனைத் தீர்க்கும் பொருள், பெற்றவருக்கு மதிப்பில்லாத பொருள். அந்த 20 ஊர்களில் இருந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்று விவிலிய ஆசிரியர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. கோவில் கட்டிய செலவில்தான் இது நடந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். ஆண்டவருடைய இல்லம் என்ற புனிதமான காரணமும் அந்த ஊர்களைக் காப்பாற்றவில்லை. பின்னாளில் அதே கலிலேயாவில்தான் நம் ஆண்டவர் வளர்ந்தார். அங்கே ஓர் ஏரிக்கரையில்தான் மீனவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்.

நம் நாளில் இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் தெற்கே கச்சத்தீவைப் பார்க்கலாம். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால் ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தீவு இலங்கையின் பக்கம் போனது. இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆகிய இரு தலைவர்களின் நல்லுறவும் இரு நாடுகளின் நட்பும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அங்கே குடிதண்ணீர் இல்லை, ஊர் இல்லை. இருப்பது புனித அந்தோணியார் ஆலயம். இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலப் போய்வரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஆனால் 1976இல் மற்றொரு கடிதப் பரிமாற்றத்தில் ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றாயிற்று. இராமேசுவரத்து மீனவரையும் கேட்கவில்லை, யாழ்ப்பாணத்து மீனவரையும் கேட்கவில்லை. அன்று தொடங்கிய சிறையும் படகுப் பறிமுதலும் கண்ணீரும் இன்னும் ஓயவில்லை. நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவை மடி, போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலுக்குப் போகும் ஈழத்து மீனவரின் வலையை அறுக்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் நாம் உண்மையைப் பாதியாகச் சொன்னவர்கள் ஆவோம். போர்க்காலத்தில் தடைபட்டு மீண்டும் தொடங்கிய அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே திருப்பலியில் அருகருகே அமர்கிறார்கள். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் ஒருமுறை அந்தத் திருவிழாவுக்குப் போயிருந்தால் வேறுமாதிரி எழுதியிருப்பார்களோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அதற்காக உடன்படிக்கைகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூதரக உறவு இல்லாத நாட்டில் நம் பிள்ளை சிக்கிக்கொண்டால் யார் போய்ப் பார்ப்பது? வெளிநாட்டில் பிடிபடும் மீனவரையும் வளைகுடாவில் சம்பளமின்றித் தவிக்கும் தொழிலாளியையும் நம் தூதரக அதிகாரி சந்திக்க உரிமை தருவது 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்பாடு. அது எழுதப்பட்டிராவிட்டால் பல தாய்மார்களுக்கு மகன் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் போயிருக்கும். அரசர்கள் சந்திக்காமல் இருப்பதைவிடச் சந்திப்பது நல்லது. எந்த மேசையில் யார் இல்லை என்று கேட்பதுதான் நம் வேலை.

அண்மையில் அந்தக் கேள்விக்குச் சில தலைவர்கள் செவிகொடுத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்குச் சென்றார். நாட்டுத் தலைவருக்குரிய மரியாதைகள் அவருக்கும் இருந்தன. ஆனால் அவர் அதைத் தவத் திருப்பயணம் என்றே அழைத்தார். முதலில் தலைநகருக்குப் போகாமல், ஆல்பர்ட்டா மாநிலத்தின் மஸ்குவாசிஸ் என்னும் இடத்தில் பூர்வகுடி மக்கள் நடுவே சக்கர நாற்காலியில் போய் அமர்ந்தார். கத்தோலிக்கர் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட தீமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் திருப்பீடம் ஒரு குறிப்பை வெளியிட்டது. புதிதாகக் கண்டுபிடித்த நிலம் கண்டவருக்கே சொந்தம் என்ற பழைய கோட்பாட்டைத் திருச்சபை ஏற்கவில்லை என்றது. 15ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கல், ஸ்பெயின் அரசர்களுக்குத் திருத்தந்தையர் எழுதிக் கொடுத்த ஆணைகள் அந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரமாகப் பயன்படுத்தப்பட்டன. பதுரவாதோவின் வேரும் அந்த ஆணைகளில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் குறிப்பு கனடாவுக்கு மட்டும் உரியதல்ல, நம் ஏரிக்கரைக்கும் உரியது.

நெதர்லாந்து அரசர் வில்லெம் அலெக்சாண்டர் 2019 அக்டோபரில் அரசுமுறைப் பயணமாக இந்தியா வந்தார். தில்லிக்கும் மும்பைக்கும் கேரளத்துக்கும் போனார். கொச்சி மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனையைப் பார்த்தார். பழவேற்காட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் சாலையாவது போட்டிருப்பார்கள் என்று நம் மக்கள் சொல்லக்கூடும்! ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். 2022 டிசம்பர் 19 அன்று அந்நாட்டுப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வணிகத்துக்காகத் தம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆசியாவில் டச்சுக் கம்பெனியின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளில் விற்கப்பட்ட 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் குறிப்பிட்டார். 2023 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாமில் அரசரும் மன்னிப்பு வேண்டினார். அந்த 10 லட்சத்துக்குள் பழவேற்காட்டில் கப்பலேறியவர்களும் அடங்குவர். இந்தச் செய்தி நம் குப்பங்களுக்கு வந்து சேர்ந்ததா? மன்னிப்புக் கேட்கப்பட்டவர்களின் ஊருக்கே அது தெரியவில்லை என்றால், அந்த மன்னிப்பு இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது என்போம்.

அரசர்களைக் கேட்கும் கேள்வியை நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஏரியில் பாடு என்ற முறை உண்டு. எந்தக் குப்பம், எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முறை வைத்து, குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறோம். வலுத்தவன் இளைத்தவனைத் தள்ளிவிடாதபடி முன்னோர் செய்துவைத்த அருமையான உடன்படிக்கை அது. அறிஞர்கள் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்ந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். எல்லைத் தகராறு வந்தால் ஒரு குப்பத்துத் தலைவர்கள் அடுத்த குப்பத்துக்குப் போய்ப் பேசுவதும், வந்தவர்களைப் பாய் விரித்து உட்காரவைப்பதும் தில்லி மரியாதைக்குக் குறைந்ததல்ல. மாநில எல்லை வந்தபின் ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் கைகலப்பு மூளும்போது முதலில் போய்ப் பேசுபவர்கள் இந்த ஊர்ப் பெரியவர்களே.

ஆனால் பாட்டில் பெயர் இல்லாதவர்கள் யார்? சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. வேறு வேலையின்றி ஏரிக்கு வந்த தலித் குடும்பங்களுக்கு, எந்த இடம், எந்த வலை என்பதை மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அவர்களில் நம் பங்கு மக்களும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் ஒரே அப்பத்தை உண்கிறோம். ஏரி சுருங்கிவருகிறது, முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபடுகிறது, மீன் குறைகிறது, எல்லாருக்கும் பங்கு வைத்தால் யாருக்கும் மிஞ்சாது என்று நம் மீனவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எளிதான விடை நம்மிடமும் இல்லை. ஆயினும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒருமுறை கேட்பதற்கு மீன் செலவாகாது.

நவம்பர் 2 அன்று நம் ஊர்களில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். இந்த ஆண்டு இறைமக்கள் மன்றாட்டில் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டு, எந்த மண்ணில் புதைந்தார்கள் என்று தெரியாதவர்களுக்காக. வீட்டிலிருந்து ஒரு மெழுகுதிரி கூடுதலாக எடுத்துவாருங்கள். அதைப் பெயர் எழுதாத இடத்தில், கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் வைப்போம்.